மூன்றாம் வளாகத்தின் பதினொரு அறைகள்

செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன். ஒரு மரண அறிவித்தல். நீலக் கரை, ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் சேலை கட்டிய ஒரு பெண். திருமதி சரோஜினிதேவி குலசிங்கம். நெல்லியடியைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர். அன்பு மனைவி, பாசமிகு தாய், இன்னாரின் சகோதரி, இன்னாரின் மைத்துனி. முடிவுவரை வாசித்தேன். எனக்குத் தெரியாத யாரோ என்று நினைத்துத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து, மாணவர் பதிவுப் பிரிவில் வேலை செய்யும் ரஞ்சன் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பாத்தனீங்களோ? எங்கட சரோ அக்கா."

மறுபடி படத்தைப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. அதனால்தான். தலையில் ஏற்றிவைத்த கண்ணாடி இல்லாமல் நான் அவரைக் கண்டதே இல்லை.

அறிவித்தலில் அவர் பார்த்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படி எழுதும் வழக்கமில்லை. பிறந்த ஊர், இருந்த ஊர், உறவு முறை, கிரியை நடக்கும் இடம். அதில் அவ்வளவுதான் கொள்ளும். மிச்சத்தை நான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவரை அறியாமலே, அவரால் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் பஸ்ஸைத் தவறவிடாமல் பிடித்தவர்களுக்காகவும்.

*

நாங்கள் வேலை செய்தது, புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் ஒரு சமூகக் கல்லூரியில். நேரசூசி அலுவலகம். எந்த வகுப்பு, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று தீர்மானிக்கும் மூன்று பேர்: மேலாளர், சரோ அக்கா, நான். எங்களுடைய அறைக்கு யன்னல் இல்லை.

"ஊருக்கெல்லாம் அறை குடுக்கிறம். எங்களுக்கு வாய்ச்சதைப் பாரும்," என்பார் சரோ அக்கா. கிழமைக்கு ஒரு தடவையாவது.

முதல் நாள் நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அம்மாவின் வயது. வேறு எப்படிக் கூப்பிடுவது?

"அன்ரி கோயில்ல. இஞ்ச அக்கா," என்றார். "அன்ரி எண்டா நான் உமக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரவேணும். எனக்கு ஏலாது."

மூன்றாம் நாள் இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தார்.

அறைகளை அவர் ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். "நூற்றிப் பன்னிரண்டில பின்னேரம் கணக்கு வகுப்புப் போடாதையும். வெய்யில் முகத்தில அடிக்கும், பெடியள் நித்திரை கொள்ளுவாங்கள்." "முன்னூற்றி நாலில ஹீற்றர் கத்தும். சத்தமாக் கதைக்கிற வாத்தியார் ஆர் எண்டு பாத்து அவரை அங்க போடும்." ஆசிரியர்கள் எல்லாவற்றையும் கணினி தீர்மானிக்கிறது என்று நம்பினார்கள். சிலர் அதைத் திட்டி எங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புவார்கள். சரோ அக்கா கணினியின் சார்பில் மன்னிப்புக் கேட்டுப் பதில் போடுவார்.

நான் சரித்திரம் படித்துவிட்டு வேலை தேடி வந்தவள். கட்டடங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நிறைய வாசித்திருந்தேன். கட்டடத்துக்குள் யாருக்கு வெயில் அடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

*

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் அவர் பஸ்ஸில் போவார். அது அவருக்கு யாரும் கொடுத்த வேலை அல்ல.

எங்கள் கல்லூரி ஓரிடத்தில் இருப்பதல்ல. முதலாம் வளாகம் நகரத்தின் நடுவில், முன்பு தையல் ஆலையாக இருந்த கட்டடம். தளம் ஒரு பக்கம் சரிந்தது. மேசையில் பென்சிலை வைத்தால் உருளும். இரண்டாம் வளாகம் பழைய சிறுவர் பள்ளிக்கூடம். தண்ணீர் குடிக்கும் குழாய்கள் இடுப்புக்குக் கீழே. வளர்ந்த மனிதர்கள், சிலர் தாத்தாமார், குனிந்து குடிப்பார்கள். நான்காம் வளாகம் 401 நெடுஞ்சாலைக்கு அருகே கண்ணாடியால் கட்டியது. எங்கள் யன்னலில்லாத அறை அதற்குள்தான்.

ஒரே மாணவருக்குக் காலையில் இரண்டாம் வளாகத்தில் வகுப்பு, மத்தியானம் நான்காம் வளாகத்தில் வகுப்பு என்று வரும். இடையில் முப்பது நிமிடம் போதும் என்று மென்பொருள் கணக்கிடும்.

"கொம்பியூட்டர் பஸ்ஸில போறதில்லை," என்றார் சரோ அக்கா. "வாரும், நாங்கள் போவம்."

என் முதல் ஓகஸ்டில் நானும் போனேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு சிறு கொப்பியில் குறித்துக்கொண்டார். தரிப்பிடத்தில் ஏழு நிமிடம். ஒரு தாய் குழந்தை வண்டியோடு ஏறினார், இரண்டு நிமிடம். சாலை வேலை, ஒன்பது நிமிடம். மாறி ஏறும் பஸ் எங்கள் கண்ணெதிரே போய்விட்டது.

"அதுக்குப் பின்னால ஓடுவமா அக்கா?"

"ஓடாதையும். ஓடுற பிள்ளையும் இருக்கும், ஓடாத பிள்ளையும் இருக்கும். ஓடாத பிள்ளைக்குத்தான் நேரம் எடுக்கிறம்."

ஐம்பத்தி மூன்று நிமிடம். அலுவலகத்துக்கு வந்து, இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இடைவெளி வரும்படி, ஒவ்வொரு மாணவர் குழுவாகக் கையால் திருத்தினார். இரண்டு கிழமை எடுத்தது. யாருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை. தவறவிடாத பஸ்ஸைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

*

இனி நான் செய்த பிழை.

பருவம் தொடங்க மூன்று நாள் இருந்தது. இரண்டாம் வளாகத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்து ஓர் அறை நனைந்துபோனது. முப்பத்தி நான்கு மாணவர்கள், தொடர்பாடல் வகுப்பு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. வேறு அறை வேண்டும். சரோ அக்கா கண் வைத்தியரிடம் போயிருந்தார். நான் மென்பொருளில் தேடினேன். எல்லாம் நிரம்பியிருந்தது. ஒன்றைத் தவிர. 3-207. முப்பத்தாறு பேர் இருக்கலாம். வாரம் முழுவதும் வெறுமை.

எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பதிந்தேன். மாணவர்களுக்கு முகவரியோடு அறிவித்தல் தானாகவே போனது.

வேலைக்கு வந்து இரண்டு மாதம். வளாகங்களை எல்லோரும் இடத்தின் பெயரால்தான் சொல்வார்கள். இலக்கங்கள் ஒன்று, இரண்டு, நான்கு என்று போவதை நான் கவனித்திருக்கவில்லை.

செவ்வாய் ஒன்பது பத்துக்கு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவரும் புதியவர். மிகவும் மரியாதையாகப் பேசினார். தான் சரியான முகவரியில்தான் நிற்பதாகவும், மாணவர்களும் வந்துவிட்டதாகவும், ஆனால் அங்கே இரண்டு சிம்மாசனங்கள் இருப்பதாகவும் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் சரோ அக்கா.

"207இல சிம்மாசனம் இருக்காம்."

"எத்தினையாம் வளாகம்?"

"மூண்டு."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் அதுவரை அவர் முகத்தில் கண்டிராத ஏதோ ஒன்று. பிறகு கோட்டை எடுத்தார்.

"வாரும். கெதியா."

*

மூன்றாம் வளாகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடி. கீழே மரக்கறிக் கடை, நகைக்கடை, பல் வைத்தியர். முன்னொரு காலத்தில் கல்லூரி அந்த மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பதினொரு அறைகளாகப் பிரித்து, நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்புகள் நடத்தியது. நான்காம் வளாகம் கட்டி முடிந்ததும் வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. இப்போது அது விழா மண்டபம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்குச் சாமத்திய வீடு, பிறந்தநாள், அறுபதாம் கலியாணம்.

கல்லூரியின் பட்டியலில் இருந்து அதன் அறைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர் சரோ அக்கா.

இதையெல்லாம் அவர் டக்சியில் போகும்போது மூன்று நான்கு வசனத்தில் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "காணும், காணும்," என்று நிறுத்தினார்.

படியேறினோம். மண்டபக்காரர் வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் பூமாலை, மற்றக் கையில் தேநீர்க் கோப்பைகள்.

"இவ்வளவு சனம் வாசல்ல நிண்டா என்ன செய்யிறது அக்கா? உள்ள விட்டன். ரீயும் போட்டன். பொம்பிளை ஆர், மாப்பிளை ஆர் எண்டு கேட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"வகுப்பு, அண்ணை. கொலீஜ் வகுப்பு."

"அப்ப சாப்பாடு ஓடர் இல்லையோ?"

உள்ளே முப்பத்தி நான்கு பேர். வெள்ளைத் துணி போர்த்து, பின்னால் பொன்னிற முடிச்சுப் போட்ட நாற்காலிகளில் இருந்தார்கள். கொப்பிகள் மடியில். மேடையில் அந்த இரண்டு சிம்மாசனங்கள்; சுற்றிலும் சனிக்கிழமை விழாவுக்கான அலங்காரம் பாதி முடிந்திருந்தது. அதற்கு முன்னால் ஆசிரியை நின்று, ஒரு நேர்முகத்தில் தன்னை எப்படி அறிமுகப்படுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பெயரையும், எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சொன்னார்கள்.

நாங்கள் அவர்களை நிறுத்தி, பஸ்ஸில் ஏற்றி, வேறு அறைக்குக் கொண்டுபோக வந்திருந்தோம். நான் ஆசிரியையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். சரோ அக்கா என் கையைப் பிடித்தார்.

"விடும். முடியட்டும்."

பின்வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், அவரும் ஒரு வெள்ளை நாற்காலியில் இருந்தார். அறைகளைப் பிரித்த சுவர்களை மண்டபத்துக்காக உடைத்துவிட்டார்கள். தூணை உடைக்க முடியவில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்தார். கொப்பி திறக்கவில்லை, தொலைபேசியைப் பார்க்கவில்லை. அவர் ஒன்றும் செய்யாமல் இருந்ததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

*

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அவர்தான் பேசினார்.

"நான் வந்த முதல் வருசம். அகதி வழக்கு முடியேல்லை. எங்க போனாலும் கேள்வி. எப்ப வந்தனீ, எப்பிடி வந்தனீ, ஏன் வந்தனீ. லோயர் கேக்கிறார், இமிகிறேசன் கேக்குது, வாடகை வீட்டுக்காரன் கேக்கிறான். பதில் சொல்லிச் சொல்லி வாய் காய்ஞ்சு போச்சு. பிறகு இந்தப் பிளாசாவில வகுப்பு எண்டு கேள்விப்பட்டு வந்தன். இருநூற்றி ஏழு. அந்தத் தூணுக்குப் பின்னால இருந்தனான், பலகை பாதிதான் தெரியும். முதல் நாள் ரீச்சர் வந்து, உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கோ எண்டு கேட்டா."

பஸ் ஒரு தரிப்பில் நின்றது. யாரோ இறங்கினார்கள்.

"எனக்குக் கேள்வி இருக்கும் எண்டு ஒருத்தரும் அதுவரை நினைக்கேல்லை."

"என்ன கேட்டீங்கள்?"

"எங்க பாத்ரூம் எண்டு கேட்டன்," என்றார். சிரித்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

அடுத்த நாள் மேலாளர் எங்களை அழைத்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. இல்லாத ஓர் அறை பட்டியலில் ஏன் இருக்கிறது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரோ அக்கா சொன்னார்: "அதை எடுக்காமல் விட்டது நான்."

உண்மைதான். ஆனால் பதிந்தது நான். அதை அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய கால் என் காலை மிதித்துக்கொண்டிருந்தது. நான் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தவள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அறைகளை நீக்கும்படி மேலாளர் சொன்னார். சரோ அக்கா ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். தான் ஓய்வு பெறும் வரைக்கும் இருக்கட்டும். யாரும் தவறிப் பதியாதபடி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது நீக்கிவிடுவதாகவும் சொன்னார்.

ஏன் என்று மேலாளர் கேட்டார். சரோ அக்கா ஏதோ பழைய ஆவணம், தணிக்கை என்று சொன்னார். ஆங்கிலத்தில் அவர் பொய் சொன்னதை அன்றுதான் கேட்டேன். மேலாளர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். சரி என்றார்.

அன்று பின்னேரம் சரோ அக்கா அந்தப் பதினொரு அறைகளையும் தன் பெயரில் பதிந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் இரவு பத்து வரை. பதிந்துவிட்டால் வேறு யாரும் தொட முடியாது. என்ன நோக்கத்துக்காக என்று மென்பொருள் கேட்கும். ஏதாவது எழுதாமல் விடாது. சிறிது யோசித்துவிட்டு, "வகுப்பு நடக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

பருவம் முடிய அந்தப் பதிவும் முடிந்துவிடும். ஒவ்வொரு பருவமும் அதைப் புதுப்பித்தார்.

*

கல்லூரியின் ஆண்டு நிறைவுக்கு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்கள். வழுவழுப்பான தாள். தையல் ஆலையின் பழைய படம், பள்ளிக்கூடத்தின் பழைய படம், கண்ணாடிக் கட்டடத்துக்கு யாரோ மண் வெட்டித் தொடக்கிவைக்கும் படம். பிளாசா இல்லை. "சில வகுப்புகள் வாடகை இடங்களிலும் நடத்தப்பட்டன" என்று ஒரு வரி மட்டும்.

சரோ அக்கா அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"சில வகுப்புகளாம்," என்றார்.

நான் புத்தகம் தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். படம் இருந்தால் அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. படம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன்.

"ஆரிட்ட கமரா இருந்தது? இருந்தாலும் படிக்கட்டையும் தூணையும் ஆர் எடுப்பினம்? கலியாண வீட்டில எடுப்பம், பேர்த்டேயில எடுப்பம்." புத்தகத்தை மூடினார். "அங்க எங்களோட படிச்ச ஆக்கள் கனக்கப் பேர். நேர்ஸ் ஆனவை இருக்கினம், லொறி ஓடுறவை இருக்கினம், அஜக்ஸில பெரிய வீடு வாங்கிக்கொண்டு போனவை இருக்கினம். அவையின்ர பிள்ளையள் கேட்டா எந்த இடம் எண்டு காட்டுறது? கலியாண ஹோலைக் காட்டுறதோ?"

பட்டியலை அவர் ஏன் வைத்திருந்தார் என்று அன்று எனக்கு முழுதாக விளங்கியது. அந்த இடம் இருந்ததற்குக் கல்லூரியிடம் இருந்த ஒரே சாட்சி அது. ஆட்கள் மாறினார்கள். கட்டடங்கள் மாறின. ஒரு மென்பொருளில், ஒரு தேடலில், முப்பத்தாறு பேர் இருக்கக்கூடிய ஓர் அறை மட்டும் இன்னும் இருந்தது.

*

அவர் ஓய்வு பெற்றது போன வருடத்துக்கு முந்திய வருடம், யூன் மாதம். கேக் வெட்டினோம். மேலாளர் பேசினார். யாரோ அவருக்கு ஒரு செடி கொடுத்தார்கள். "வீட்டில யன்னல் இருக்கு, தப்பும்," என்றார்.

எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அந்த மூண்டாம் வளாகத்தை நான் எடுக்கேல்லை."

"தெரியும் அக்கா."

"காலமையில இருந்து எடுக்கப் பாத்தன். கை வரேல்லை. நீர் எடும். நான் போன பிறகு எடும். சொன்ன சொல்லு, அந்த மனிசனுக்குக் குடுத்தது."

"எடுக்கிறன்."

"மறந்திடாதையும்."

அவர் போனார். நான் பட்டியலைத் திறந்தேன். 3-201. 3-202. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். நீக்கவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். முதலாவதிலேயே நின்றேன். மூடினேன்.

செப்டெம்பர் வந்தது. பதிவைப் புதுப்பித்தேன். சனவரி வந்தது. புதுப்பித்தேன். அடுத்த வருடமும் அப்படியே. மேலாளர் கேட்கவில்லை. அவர் மறந்திருக்கலாம். மறந்ததுபோல் இருந்திருக்கலாம்.

சரோ அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நேரில் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மல்வேர்னில்தான் அவர் வீடு. என் வீட்டிலிருந்து ஒரே பஸ், மாறி ஏறத் தேவையில்லை. போகவில்லை.

*

இந்த வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தொலைபேசி எடுத்தார். சுகமில்லாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. தடிமன் என்று சொன்னார். என் வேலை நிரந்தரமானதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். பிறகு சாதாரணமாக, சீனியின் விலை கேட்பதுபோல, கேட்டார்.

"அந்த மூண்டை எடுத்திட்டீரோ?"

நான் நினைத்தது இது. அவருடைய சொல்லை நான் காப்பாற்றவில்லை. மேலாளருக்கு அவர் கொடுத்த வாக்கு. அவரை நான் பொய்யராக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் மனம் வருந்துவார்.

"ஓம் அக்கா," என்றேன். "எடுத்திட்டன்."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"நல்லது," என்றார். "எடுக்கத்தானே வேணும்."

பிறகு இரண்டாம் வளாகத்துக்கும் நான்காம் வளாகத்துக்கும் இடையில் பஸ் இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார். சாலை வேலை முடிந்துவிட்டது என்றேன். "அப்ப சரி, வைக்கிறன்," என்றார்.

*

சனிக்கிழமை மலர்ச்சாலையில் அவர் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். வாசலில் அந்தப் படமே பெரிதாக. கண்ணாடி இல்லாமல். கல்லூரியிலிருந்து நானும் ரஞ்சன் அண்ணையும், மேலாளரும் வந்திருந்தோம். மேலாளர் கறுப்புக் கோட்டுடன், செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

குலசிங்கம் அங்கிள் முன்வரிசையில் இருந்தார். மெலிந்த மனிதர். வந்தவர்கள் கையைப் பிடிக்க, பிடிக்க, கொடுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீர்தானோ அந்தப் பிள்ளை. சிம்மாசனத்தில வகுப்பு வச்ச பிள்ளை." சற்றுச் சிரித்தார். "எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சவ."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். சிறிது நேரத்தின் பின் அவராகவே பேசினார்.

"இந்த மாசிக்குள்ள ஒருநாள், சமையலறையில நிண்டு, அவையள் எடுத்திட்டினம் எண்டு சொன்னவ. ஆரு, என்னத்தை எண்டு நான் கேக்கேல்லை. வாசல் றைவ்வேயில கிடக்கிற பனியை, சினோவை எடுக்க வாறவங்களைச் சொல்லுறா எண்டு நினைச்சன். போய் யன்னலால பாத்தன். சினோ அப்பிடியே கிடந்தது. என்னப்பா, ஒண்டும் எடுக்கேல்லையே எண்டன். அவ போய்ப் படுத்திட்டா."

"எடுக்கேல்லை அங்கிள்," என்றேன்.

"என்னத்தைப் பிள்ளை?"

சொன்னேன். பிளாசா, பதினொரு அறைகள், தூண், நான் கொடுத்த வாக்கு, நான் சொன்ன பொய். எல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது என்பது. ஒழுங்காகச் சொன்னேனா தெரியாது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். கொடுத்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"நானும் அங்க படிச்சனான்," என்றார். "அவவை முதல் கண்டதே அந்தப் படிக்கட்டிலதான்."

எனக்கு அது தெரியாது. சரோ அக்கா அதை ஒருபோதும் சொன்னதில்லை.

"அவவுக்குச் சொன்னனீரோ, எடுக்கேல்லை எண்டு?"

"இல்லை அங்கிள்."

அவர் பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, எழுந்திருக்கும்படி மெல்லத் தள்ளினார்.

"போம். போய்ச் சொல்லும்."

போனேன். பச்சைச் சேலை. கைகளில் பூ. பின்னால் வரிசை நின்றது. சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். அதற்குப் பதில், கைகளில் சரிந்திருந்த பூவை நேராக்கினேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர், "தள்ளும் பிள்ளை, மற்றாக்களும் பாக்கட்டும்," என்றார். தள்ளினேன்.

*

இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரி புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. பழைய பட்டியலை அப்படியே கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு அறைக்கும் படம் வேண்டும், கதவு இலக்கம் வேண்டும். மூன்றாம் வளாகத்தின் அறைகள் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. இந்த முறை நான் நீக்கத் தேவையில்லை. விட்டுவிட்டு வந்தாலே போதும். மேலாளருக்கு உண்மையை எழுதினேன். சரித்திரம் படித்தவள் என்ற முறையில் இன்னொன்றும் எழுதினேன்: பிளாசாவைப் பற்றி இரண்டு பக்கம், அறை இலக்கங்களுடன். கல்லூரியின் ஆவணப் பிரிவில் வைப்பதாகச் சொன்னார்கள். அங்கே படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியது அதுவல்ல. அது எல்லோருக்கும் உரியது. என்னிடம் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியில், நான் ஓம் என்று சொன்னதற்கும் அவர் நல்லது என்று சொன்னதற்கும் நடுவில் இருந்த இடைவெளி. ஐந்து விநாடி இருக்கும். ஆறும் இருக்கலாம். இல்லை அக்கா, எடுக்கேல்லை, எல்லாம் இருக்கு என்று சொல்ல அதற்குள் நேரம் இருந்தது.